வீங்கிய காலை உருவ வேண்டாம்



இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம். ஒரு பிள்ளை கால் மடங்கி விழுந்தால் நாம் முதலில் தேடுவது நோவெண்ணெய்ப் போத்தலைத்தான். "சுளுக்குத்தான், நல்லா உருவி விட்டாச் சரி" என்போம். ஆசிரியர்களான நாமும் இதைச் செய்திருக்கிறோம். இனி மாற்றிக்கொள்வோம்.

உருவுவதே பிழை என்று சொல்லவில்லை. நாள் முழுக்க வயலில் குனிந்து நின்றவரின் முதுகை எண்ணெய் தடவி அழுத்திவிட்டால் இறுகிய தசை தளரும், நோவு கொஞ்ச நாளைக்குக் குறையும். மெதுவாக நீவினால் மனம் ஆறும், நித்திரை வரும். ஓடிக் களைத்த பிள்ளையின் தொடையைப் பிசைந்துவிட்டால் உளைவு குறையும்.

ஆனால் இவையெல்லாம் தசைக்குத்தான். புதிதாக அடிபட்டு வீங்கிய இடத்தை உருவினால் உள்ளே இரத்தக்கசிவும் வீக்கமும் கூடும். எலும்பில் வெடிப்பு இருந்தால் அது விலகவும் கூடும். முதல் 48 மணித்தியாலமும் ஓய்வு கொடுப்போம், துணியில் சுற்றிய ஐஸ் வைப்போம், காலை உயர்த்தி வைப்போம். 4 அடி எடுத்து வைக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே அவசியம். அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்குக் காசில்லை.

பெரியவர்களுக்கு அடிபடாமலே ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, நோவெடுத்தால் உருவவே வேண்டாம். அது இரத்தக்கட்டியாக இருக்கலாம். கழன்று நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. அன்றே டொக்டரிடம் காட்டுவோம்.

இம்முறை மைதானத்துக்கு ஐஸ் பெட்டியும் கொண்டுவருவோம். எலும்பு நன்றாக இருக்கிறது, வீக்கமும் வற்றிவிட்டது என்றால், நோவெண்ணெயைப் பிறகு எடுப்போம்.