ஃபோக்ஸ்வாகனைச் சிக்கவைத்த புகைக் கணக்கு: அளந்த இன்ஜினியருக்கு என்ன கிடைத்தது?

டீசல் இன்ஜின் ஆராய்ச்சி என்றதும் பலருக்கும் மைலேஜ்தான் ஞாபகத்துக்கு வரும். அந்தத் துறையில் இன்னொரு பாதி உண்டு: சைலன்சரில் இருந்து வெளியே வருவதை அளப்பது. பெங்களூருவைச் சேர்ந்த ஹேமந்த் கப்பண்ணா அந்தப் பாதியில் இருந்தவர்.

2013-ல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்குழு ஒன்று மூன்று டீசல் கார்களைச் சோதித்தது. கப்பண்ணா, சென்னையில் இருந்து போன அரவிந்த் திருவேங்கடம், சுவிட்சர்லாந்துக்காரர் மார்க் பெஷ் ஆகியோர் அந்தக் குழுவில் இருந்தார்கள். நிதி ஒரு லட்சம் டாலருக்கும் குறைவு. காரின் பின்பக்கம் கருவிகளை ஏற்றி, நிஜ ரோட்டில் ஓட்டி, நைட்ரஜன் ஆக்ஸைடு எவ்வளவு வருது என்று பார்க்க வேண்டும். கருவிக்கு கரண்ட் கொடுக்க ஜெனரேட்டர். கரண்ட் போனா நம்ம ஊர் கடை வாசல்ல சத்தம் போடுமே, அந்த ரகம்தான்.

யாரையும் பிடிக்கக் கிளம்பியவர்கள் இல்லை இவர்கள். அமெரிக்காவில் விதி கடுமை, அதனால் அங்கே ஓடும் டீசல் கார்கள் சுத்தமாக இருக்கும் என்று காட்டுவதே திட்டம். ஆனால் ஜெட்டா கார் ரோட்டில் வரம்பைப்போல 15 முதல் 35 மடங்கு வரை கக்கியது. பஸாட் 5 முதல் 20 மடங்கு. அதே கார்கள் லேபில் பாஸ்!

எப்படி? லேபில் கார் உருளை மேல் ஓடும், ஸ்டீயரிங் திரும்பாது. அதை வைத்தே 'இது டெஸ்ட்' என்று காரின் சாஃப்ட்வேர் கண்டுபிடித்து, அப்போது மட்டும் புகையைக் கட்டுப்படுத்தியது. 2015 செப்டம்பர் 18-ல் அமெரிக்க அரசு இதை அம்பலப்படுத்தியது. உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி கார்கள். அமெரிக்காவில் மட்டும் 1,470 கோடி டாலர் வரை சமரசத் தொகை. மோசடிக்கு உதவிய ஜேம்ஸ் லியாங்குக்கு 2017-ல் 40 மாதச் சிறை. அவரும் டீசல் இன்ஜினியர்தான்.

கப்பண்ணா? ஜெனரல் மோட்டார்ஸில் வேலைக்குச் சேர்ந்தார். 2019-ல் அந்த நிறுவனம் ஆயிரக்கணக்கானோரை நீக்கியபோது அவர் வேலையும் போனது. வேலை விசாவில் இருப்பவருக்கு அடுத்த வேலை தேட 60 நாள்தான். ஊர் திரும்பினார். மாசு விவகாரத்துக்கும் நீக்கத்துக்கும் தொடர்பில்லை என்றது நிறுவனம். அதை மறுக்க ஆதாரம் எதுவும் இல்லை. பிரச்சினை வேறு. புகையை அளக்கக் கற்றவருக்குப் படிப்பு முடிந்ததும் பெரும்பாலும் சம்பளம் கொடுப்பது, புகைவிடும் வண்டியைத் தயாரிக்கும் கம்பெனிகளே.

இந்தியாவிலும் 2023 ஏப்ரல் முதல் பிஎஸ்-6 இரண்டாம் கட்டத்தில் ரோட்டுச் சோதனை கட்டாயம். அதோடு நிறுத்தாமல், ஷோரூமில் வாங்கிய காரை ஐஐடியோ அண்ணா பல்கலைக்கழகமோ தனியாகச் சோதித்து முடிவை வெளியிட அரசு நிதி தரலாம். மேற்கு வர்ஜீனியா மாணவர்களுக்குக் கிடைத்த நிதி, ரூபாய்க் கணக்கில் ஒரு கோடிகூட வராது.