வறுமைக் கணக்கு வீட்டுக்குள்ளும் நுழையட்டும்

ஒரு குடும்பம் ஏழையா என்பதை மொத்த வருமானத்தை மட்டும் வைத்து முடிவு செய்யும் பழக்கம் நூறாண்டுக்கும் மேற்பட்டது. அது போதாது என்பதற்கு அந்தப் பழைய கணக்கெடுப்புகளே சாட்சி.

இங்கிலாந்தின் யார்க் நகரில் 1899-இல் சீபோம் ரவுன்ட்ரீ 11,560 குடும்பங்களின் விவரங்களைத் திரட்டினார். கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள் உடல் வலுவோடு வாழ வாரம் 21 ஷில்லிங் 8 பென்ஸ் தேவை என்று கோடு கிழித்தார். அதில் உணவுக்கு 12 ஷில்லிங் 9 பென்ஸ், வாடகைக்கு 4 ஷில்லிங். புதிய இறைச்சிக்கு இடமில்லை. செய்தித்தாளுக்கும் பயணத்துக்கும் ஒரு பென்னிகூட இல்லை. இத்தனை இறுக்கமான கோட்டுக்கும் கீழே நகர மக்களில் 9.91 சதவீதம் பேர் இருந்தனர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் வறுமைக்குக் காரணம் குடும்பத் தலைவரின் குறைந்த கூலி. குடியும் சோம்பலுமே ஏழ்மைக்குக் காரணம் என்ற வசைக்கு இது தக்க பதில்.

வருமானம் கோட்டைத் தாண்டியும் 17.93 சதவீதம் பேர் வறுமையில் வாடினர். இவர்களைக் கண்டறிய வீட்டின் கோலத்தையும் முகங்களின் வாட்டத்தையும் பார்த்தே மதிப்பிட வேண்டியிருந்தது. வீட்டுக்குள் வந்த பணம் எல்லாருடைய தட்டுக்கும் போய்ச் சேரவில்லை. பிள்ளைக்குக் காலணி வாங்க வேண்டுமென்றால் தாயும் பிள்ளைகளும் மதியச் சாப்பாட்டை விட்டார்கள்; கூலிக்குப் போகிறவருக்கு மட்டும் உணவு குறையவில்லை. லண்டனின் லாம்பெத் பகுதிக் குடும்பங்களை ஆராய்ந்து மாட் பெம்பர் ரீவ்ஸ் 1913-இல் வெளியிட்ட நூல், பெண்களே எழுதிவந்த வாரக் கணக்குகளின் வழியே இதே பாகுபாட்டைக் காட்டியது.

இந்தியாவில் தாதாபாய் நவ்ரோஜி 1870-களில் தலைக்கு ஆண்டு வருமானம் ஏறத்தாழ 20 ரூபாய் என்று மதிப்பிட்டு, சிறைக் கைதியின் உணவுச் செலவோடு ஒப்பிட்டார். அந்நிய ஆட்சியின் சுரண்டலை அம்பலப்படுத்த அந்தச் சராசரி உதவியது. ஆனால் வீட்டுக்குள் யார் பட்டினி என்பதைச் சராசரி சொல்லாது. இன்றைய நுகர்வுச் செலவுக் கணக்கும் குடும்பச் செலவைத் தலைகளால் வகுத்தே முடிக்கிறது. கடைசியில் உண்ணும் மருமகளுக்கும் முதலில் உண்ணும் மாமனாருக்கும் அதில் ஒரே பங்கு.

ஆகவே குடும்பக் கணக்கெடுப்பின் ஒரு பகுதியிலாவது, ஒவ்வொருவரும் என்ன உண்டார், எந்த வேளையை விட்டார் என்பதைத் தனித்தனியே பதிய வேண்டும். பெண்களிடம் பெண் களப்பணியாளர்களே தனியாகக் கேட்க வேண்டும். செலவு கூடும் என்பது ஏற்கத்தக்க சாக்கு அல்ல.