திருத்தும் கையும் திருடும் கையும்

தமிழ்ப் பெற்றோரே! தமிழாசிரியப் பெருமக்களே!

பிள்ளைகளின் ஆக்கத்திறனை அழிப்பவர் யாவர் என்று வினவினால், கல்வியின் அருமை அறியாதாரையே சுட்டுவோம். 'பாட்டும் கூத்தும் சோறு போடுமா?' என்று அதட்டும் தந்தையைச் சுட்டுவோம். மதிப்பெண்ணைத் தவிர வேறெதையும் மதியாத பள்ளியைச் சுட்டுவோம். அவர்கள் குற்றவாளிகளே, ஐயமில்லை. ஆயின், அவர்களினும் கொடிய ஊறு செய்வார் ஒருசாரார் உளர். அவர்கள் பிள்ளையின் திறமையைக் கண்டவர்கள், கண்டு மகிழ்ந்தவர்கள், மகிழ்ந்து அதனைத் தமதாக்கிக் கொண்டவர்கள். இக்கட்டுரை அவர்களைப் பற்றியது. நம்மைப் பற்றியது என்று சொல்லினும் இழுக்கில்லை.

கட்டுரைப் போட்டி என்று பள்ளியில் அறிவிப்பு வருகின்றது. தந்தை எழுதுகின்றார், தாய் படியெடுக்கச் செய்கின்றாள், ஆசிரியர் மெருகேற்றுகின்றார், பிள்ளை நெட்டுருச் செய்கின்றது, நடுவர் பரிசளிக்கின்றார். பரிசு எவர்க்கு? 2022ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டு அரசு பள்ளிகளில் கலைத்திருவிழா நடத்தி வருகின்றது. ஏழைப் பிள்ளைகளுக்கு மேடை கிடைத்தது நன்று, மிக நன்று. ஆனால் அம்மேடையில் பிள்ளையின் வாயால் பெரியவர் பேசினால், அது பிள்ளைக்குக் கிடைத்த மேடையா? பொம்மலாட்டத்தில் பொம்மைக்குக் கைதட்டுவோர் உண்டா?

ஓர் எடுத்துக்காட்டு வைத்துப் பார்ப்போம். குற்றாலத்துச் சிறுமி ஒருத்தி அருவியைப் பற்றி எழுதுங்கால், 'மலை குளிக்கிறது' என்று எழுதுகின்றாள் என்று கொள்க. ஆசிரியர் அதனை அடித்துவிட்டு, 'வெள்ளியை உருக்கி வார்த்தாற் போல் அருவி வீழ்கின்றது' என்று எழுதித் தருகின்றார். முன்னது அவள் கண்ணால் கண்டது. பின்னது ஆயிரம் பேர் எழுதி அலுத்தது. ஆசிரியர் திருத்தியதாக எண்ணுகின்றார். உண்மையில் அவர் ஒரு பாவலரை வெளியே அனுப்பிவிட்டு ஓர் எழுத்தரை உள்ளே அமர்த்தியிருக்கின்றார்! அச்சிறுமி அன்று கற்றுக்கொண்ட பாடம் ஒன்றே: தன் கண்ணை நம்பலாகாது.

இப்பழி சிறியோர்க்கு மட்டும் உரியதன்று. குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்த இரசிகமணி டி.கே. சிதம்பரநாதரின் சுவையுணர்வை எவரும் மறுத்தல் இயலாது. அவர்தம் 'வட்டத்தொட்டி'யில் அமர்ந்து தமிழ் சுவைக்கப் பழகியோர் பலர். கவிமணியின் பாடல்களைத் தமிழகம் போற்றச் செய்தவருள் அவர் முன்னிற்பவர். ஆயினும், அதே சுவையுணர்வு வரம்பு கடந்தபோது என்ன நேர்ந்தது? கம்பன் பாடல்களில் தமக்கு ஒவ்வாதவற்றை இடைச்செருகல் என்று தள்ளினார். சில சொற்களைத் தம் செவிக்கு ஏற்ப மாற்றியும் பதிப்பித்தார். புலவர் பலர் அதனைக் கடிந்தனர். கடிந்தது முறையே. எத்துணை உயர்ந்த சுவைஞராயினும், சுவைப்பது வேறு. படைத்தவன் கையைப் பிடித்து எழுதுவது வேறு.

கம்பனுக்கு அதனால் கேடொன்றும் இல்லை. சுவடிகள் உள, பிற பதிப்புகள் உள, மூலத்தைத் தேடுவார் கண்டுகொள்வர். பத்து அகவைச் சிறுமியின் வரிக்கு வேறு சுவடி ஏது? அவள் ஏட்டில் நாம் அடித்த கோடே இறுதிக்கோடு. பெரும்பாவலன் பாட்டில் கைவைத்தவரைக் கடியும் நாம், சிறுபிள்ளையின் பாட்டில் நாளும் கைவைத்துக் கொண்டிருக்கின்றோமே, நம்மைக் கடிவார் யார்?

இனி, இரண்டாவது வரம்பு மீறலைப் பார்ப்போம். முதலது பிள்ளையின் படைப்பைக் கவர்வது. இது பிள்ளையின் பிள்ளைமையைக் கவர்வது.

இன்றைய தென்காசி மாவட்டத்தில் உள்ள செங்கோட்டையில் 1906இல் பிறந்தவர் எசு.சி. கிட்டப்பா. பள்ளிக்குச் செல்ல வேண்டிய அகவையிலேயே நாடக மேடை ஏறினார். ஒலிபெருக்கி வாராத காலத்தில், கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்கும் வண்ணம் உச்சக் குரலில் பாடித் தமிழகத்தையும் ஈழத்தையும் கட்டிப் போட்டார். 1933இல், இருபத்தேழு அகவையில் மறைந்தார். அவர் சாவுக்கு மேடையே கரணியம் என்று யான் கூறவில்லை. ஆனால், அக்காலத்துச் சிறார் நாடகக் குழுக்களில் எத்தனை பிள்ளைகள் சேர்ந்தனர் என்பதையும், அவர்களுள் எத்தனை பெயர் நமக்குத் தெரியும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். புகழ் பெற்ற ஒருவரைக் காட்டி, குரல் உடைந்ததும் மறக்கப்பட்ட பலரை மறைத்துவிடுகின்றோம்.

'மேடை ஏறாவிடில் கிட்டப்பா ஏது?' என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வியே. சங்கரதாசு அடிகள் போன்றோர் நடத்திய குழுக்கள் வறிய வீட்டுப் பிள்ளைகளுக்கு உணவும் தந்தன. உயர்ந்த பயிற்சியும் தந்தன. 1918இல் அவர்தம் மதுரைக் குழுவில் சேர்ந்த சிறுவர் சண்முகமே பின்னாளில் ஔவை சண்முகம் ஆனார். பயிற்சியை யாம் மறுக்கவில்லை, மேடையையும் மறுக்கவில்லை. பயிற்சி பிள்ளைக்காகவா, பிள்ளை வருவாய்க்காகவா என்பதே வினா. அக்காலத்து வறுமை அதற்கு ஒரு மறுமொழியாக இருந்தது. இன்று வயிறு நிறைந்த வீட்டிலும் பிள்ளையைத் தொலைக்காட்சிப் போட்டிக்கும் வலையொளிக்கும் இழுத்துச் செல்கின்றோமே, இதற்கு என்ன மறுமொழி?

உலகம் இதனை உணர்ந்து சட்டமே செய்திருக்கின்றது. சார்லி சாப்ளினோடு 1921இல் நடித்துப் புகழ்பெற்ற சிறுவன் சாக்கி கூகன், வளர்ந்தபின் தன் வருவாய் பெரும்பாலும் வீட்டாராலேயே செலவழிக்கப்பட்டது கண்டு 1938இல் வழக்குத் தொடுத்தான். அதன் விளைவாக 1939இல் அமெரிக்காவின் கலிபோர்னிய மாநிலம் குழந்தை நடிகரின் வருவாயைக் காக்கச் சட்டம் இயற்றியது. இந்தியாவிலோ 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் திருத்தப்பெற்று, 2017இல் விதிகள் வந்தன. நடிக்கும் குழந்தையை நாளொன்றுக்கு 5 மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்கலாகாது. ஓய்வின்றி 3 மணி நேரத்திற்கு மேல் ஆகாது. தொடர்ந்து 27 நாள்களுக்கு மேல் ஆகாது. வருவாயில் 20 விழுக்காட்டையேனும் குழந்தையின் பெயரில் வங்கியில் இட வேண்டும். இவை நல்ல விதிகள். ஆனால் வீட்டுக் கூடத்தில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து, 'இன்னொரு முறை சிரி. இன்னொரு முறை ஆடு' என்று நள்ளிரவு வரை வாட்டும் தாய்தந்தையரை எந்த அதிகாரி வந்து கணக்கெடுப்பார்? அங்கே சட்டம் நம் நெஞ்சே.

அவ்வாறாயின் பிள்ளையை அப்படியே விட்டுவிடுவதா? இல்லை. விட்டுவிடுவது வளர்ப்பதாகாது. எழுத்துப் பிழையைச் சொல்லுக. அது பிள்ளைக்குக் கருவி தருவது. சொல்லை எடுத்து நீட்டுக. கொள்வதும் தள்ளுவதும் பிள்ளையின் உரிமை. கருத்தைத் தொடாதீர், அது பிள்ளையின் உயிர். தனித்தமிழ் அன்பர்களுக்கும் இதனையே அழுத்திச் சொல்வேன். பிள்ளை 'சீசன்' என்று எழுதினால் 'சாரற்காலம்' என்னும் அழகிய சொல் நம்மிடம் இருப்பதைக் காட்டுக. அச்சொல்லின் இனிமையில் பிள்ளை தானே மயங்கட்டும். சிவப்பு மையால் நாமே மாற்றி எழுதினால் ஏடு தூய்மையாகும். பிள்ளைக்குத் தமிழ் மேல் அச்சமே மிஞ்சும். அஞ்சி எழுதிய தமிழ் எந்நாளும் வளர்ந்ததில்லை.

தென்காசியிலிருந்து ஆண்ட அதிவீரராம பாண்டியர் நைடதம் என்னும் அணிநலம் மிக்க பெருநூலை யாத்தவர். அவரே சிறுவர்க்கென்று வெற்றிவேற்கையைச் சின்னஞ்சிறு அடிகளில் செய்தார். அரசர், பெரும்புலவர், எனினும் பிள்ளையின் உயரத்திற்குத் தாம் குனிந்தார். பிள்ளையைத் தம் உயரத்திற்குத் தூக்கித் தொங்கவிடவில்லை.

குற்றாலப் பேரருவி மலையுச்சியிலிருந்து நேரே நம் தலைமேல் விழுவதில்லை. இடையில் பொங்குமாங்கடல் என்னும் பாறைக்குழியில் வீழ்ந்து, விசை தணிந்து, பொங்கி வழிந்து இறங்குகின்றது. அதனாலன்றோ அதன்கீழ் நின்று நீராட முடிகின்றது! புகழ், போட்டி, பணம் ஆகிய இவற்றின் விசை பிள்ளையின் தலையில் நேரே விழாமல் இடையில் நின்று தாங்குவதே பெற்றோர் கடன், ஆசிரியர் கடன். அப்பாறைக்குழி நீரைத் தனக்கென்று தேக்கி வைத்துக் கொள்வதுமில்லை என்பதை மறவாதீர்.

ஆதலின், தமிழ்ப் பெற்றோரே! பிள்ளைக்குத் தாளும் கோலும் தருக. கேட்கும்போது சொல்லுக, கேளாதபோது பொறுத்திருக்க. அது எழுதியதை அதன் பெயரிலேயே, அதன் குறையோடேயே வைத்துப் போற்றுக. பரிசு இழப்பினும் இழக்க, பிள்ளையை இழவாதீர். தன் சொல்லைத் தானே சொல்லத் துணிந்த பிள்ளையே நாளை தன் இனத்திற்காகவும் பேசத் துணியும். நாம் எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கப் பழகிய பிள்ளை, நாளை எவன் எழுதிக் கொடுப்பினும் ஒப்பிக்கும்!