ஆங்கிலப் பாடத்துக்குக் கொழும்புதான் வழியா?

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நெருங்கும் காலத்தில் வெள்ளவத்தை காலி வீதியிலோ கொட்டாஞ்சேனைப் பகுதியிலோ நடந்து செல்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். மதில்களிலும் மின்கம்பங்களிலும் ஆங்கில வகுப்பு விளம்பரங்கள் நிறைந்திருக்கும். மூன்று மாதத்தில் ஆங்கிலம், ஒரே கருத்தரங்கில் இலக்கணம் முழுவதும் என்று அவை அழைக்கும். மாலையானதும் ரியூட்டரிகளின் படிகளில் ஏறும் பிள்ளைகள் எல்லோரும் கொழும்பிலே பிறந்து வளர்ந்தவர்கள் அல்லர். வன்னியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் வந்து, உறவினர் வீட்டிலோ வாடகை அறையிலோ தங்கியிருக்கும் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளும் அவர்களுள் இருக்கிறார்கள். தாய் பிள்ளையோடு கொழும்பில் ஓர் அறையில். தகப்பன் ஊரில் தோட்டத்தோடு தனியே. அறை வாடகைக்கும் வகுப்புக் கட்டணத்துக்குமாகக் காப்பும் சங்கிலியும் அடகுக் கடைக்குப் போயிருக்கும்.

இப்பெற்றோரைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. காணியை இழந்தவர்களுக்குப் பிள்ளையின் படிப்பே காணி. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் கொட்டும் மழையில் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, தூக்க முடிந்த மூட்டைக்குள் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் வைத்துக் கட்டிய தாய்மார் பலர். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் இருந்துகொண்டும் எம் பிள்ளைகள் பரீட்சை எழுதினார்கள். படிப்பின் மீது இத்தனை பற்றுள்ள மக்களுக்கு யாரும் புத்திமதி கூறத் தேவையில்லை. ஆயினும் ஒரு கேள்வியை நாம் எழுப்பத்தான் வேண்டும். ஆங்கிலப் பாடத்தில் சித்தியடைவதற்கு வேண்டிய பயிற்சி கொழும்பில் மட்டுந்தான் கிடைக்குமா? இல்லை என்பதே எனது கருத்து. அதற்கான காரணங்களை இங்கு முன்வைக்கிறேன்.

ஏன் இந்தப் பாடத்தில் பின்னிற்கிறோம்?

உயர்தரம் கற்பதற்கான பொது விதியை யாவரும் அறிவோம். தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தி வேண்டும். அவற்றுள் மூன்றில் திறமைச் சித்தி வேண்டும். ஆங்கிலத்தில் சித்தி கட்டாயமில்லை. எனவே கணித ஆசிரியர் இல்லாவிட்டால் பெற்றோர் அதிபரிடம் போகிறார்கள். வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுகிறார்கள். ஆங்கில ஆசிரியர் ஒரு வருடமாக இல்லாவிட்டாலும் எவரும் கேட்பதில்லை. ஆங்கிலம் விட்டுவிடக்கூடிய பாடமாகிவிடுகிறது.

இழப்பு அன்று தெரிவதில்லை, பின்னரே தெரிகிறது. தமிழில் விஞ்ஞானம் படித்துத் திறமையாகச் சித்தியடைந்து பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளை, மருத்துவமோ பொறியியலோ ஆங்கிலத்திலே கற்க வேண்டியிருக்கிறது. வேறெங்கும் போக வேண்டாம். கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்திலும் கற்பித்தல் ஆங்கிலத்திலேயே நடைபெறுகிறது. பரம்பரையாக வயலை அறிந்த ஒரு பிள்ளை, அந்த வயலைப் பற்றிய விரிவுரையை விளங்க முடியாமல் முதல் வருடத்தில் திகைத்து நிற்பதை என்னவென்பது? பல்கலைக்கழகம் போகாத பிள்ளைக்கும் வேலைக்கான நேர்முகப் பரீட்சையில் இதே கதவு மூடுகிறது.

சிங்கள மக்கள் பேச்சு வழக்கில் ஆங்கிலத்துக்கு 'கடுவ' என்று ஒரு பெயர் உண்டு. வாள் என்பது அதன் பொருள். கையில் உள்ளவன் இல்லாதவனை வெட்டுகிறான் என்பதே கருத்து. 1945இல் இலவசக் கல்வி வந்தது. ஆங்கிலப் பாடசாலைக்குப் பணம் கட்ட முடியாதவரின் பிள்ளைக்கும் கல்வி கிடைத்தது. தாய்மொழியிலே கற்கும் வழியும் திறந்தது. அது பெரும் நன்மை. ஆனால் கிராமத்துப் பாடசாலையில் ஆங்கிலம் மெலிந்தபோது, நகரத்தில் வசதியுள்ள வீடுகளில் அது மெலியவில்லை. சிங்களக் கிராமத்துப் பிள்ளைக்கும் தமிழ்க் கிராமத்துப் பிள்ளைக்கும் இந்த இடத்தில் ஒரே நோவுதான்.

ஆங்கிலம் படித்தால் தமிழ் கெடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை, 1823இல் தொடங்கப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலம் கற்றவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் அவர் ஒருவர். அவரே பின்னர் ஏடு தேடி அலைந்து, 1887இல் கலித்தொகையை அச்சில் ஏற்றினார். ஆங்கிலம் அவருடைய தமிழைப் பறிக்கவில்லை.

ரியூட்டரி தருவதும் தராததும்

நல்ல ஆசிரியரிடம் கற்பது நல்லதே. கொழும்பில் அத்தகைய ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் நூறு பிள்ளைகள் நெருங்கி அமர்ந்திருக்கும் மண்டபத்தில், ஒலிவாங்கியில் பேசும் ஆசிரியருக்கு உங்கள் பிள்ளை வாசிப்பது கேட்காது. அங்கு கிடைப்பது பெரும்பாலும் அச்சடித்த குறிப்புகள், இலக்கண விதிகள், மனனம் செய்ய வேண்டிய பத்துக் கட்டுரைகள். பரீட்சையில் வேறு தலைப்பு வந்தால் மனனம் செய்த கட்டுரை உதவாது.

மிளகாய்க் கன்றுக்கு ஒரு மாதத்துத் தண்ணீரை ஒரே நாளில் இறைத்துவிட முடியாது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மொழியும் அப்படித்தான். நாளுக்கு முக்கால் மணித்தியாலம் வீதம் இரண்டு வருடம் வீட்டில் பயின்ற பிள்ளை, கடைசி மூன்று மாதம் கொழும்பில் தங்கிய பிள்ளையைவிட உறுதியாக நிற்கும்.

வாசிப்பு

1980 முதல் அரசாங்கம் பாடநூல்களை இலவசமாகத் தருகிறது. ஆங்கிலப் பாடநூலும் பயிற்சி நூலும் உங்கள் வீட்டில் இருக்கின்றன. ஒவ்வொரு நாளும் இருபது நிமிடம் பிள்ளை அதைச் சத்தமாக வாசிக்கட்டும். விளங்காத சொல் வந்தால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. கீழே கோடிட்டுவிட்டு, வசனத்தின் முடிவுவரை போய், முன்னும் பின்னும் உள்ள சொற்களைக் கொண்டு பொருளை ஊகிக்க வேண்டும். அகராதி அதன் பின்னரே. பரீட்சையிலும் பந்தி முழுவதும் விளங்க வேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. முதலில் வினாக்களை வாசித்து, எதைத் தேடுகிறோம் என்று அறிந்துகொண்டு பந்திக்குள் இறங்கினால் பாதிப் பயம் போய்விடும். ஒரு சொல்லுக்கு ஒத்த கருத்துள்ள சொல்லைப் பந்தியில் தேடு, 'தே' என்பது யாரைக் குறிக்கிறது என்று கூறு என்பன போன்ற வினாக்களுக்கு விடை பந்திக்குள்ளேயே இருக்கிறது.

ஆங்கிலம் அறியாத பெற்றோர் இதில் என்ன செய்யலாம்? மிகவும் முக்கியமான வேலையைச் செய்யலாம். பிள்ளை வாசித்து முடித்ததும், "வாசிச்சதைத் தமிழிலை சொல்லு, அம்மா கேக்கிறன்" என்று சொல்லுங்கள். தமிழில் சொல்லத் தெரிந்தால் பிள்ளைக்கு விளங்கியிருக்கிறது. சொல்லத் தடுமாறினால் இன்னொரு முறை வாசிக்கட்டும். இந்தச் சோதனையை நடத்த ஆங்கிலம் வேண்டாம். பக்கத்தில் இருக்கும் பொறுமை போதும்.

பாடநூலுக்கு வெளியேயும் வாசிப்பு உண்டு. பெயர்ப்பலகைகளையும் அரசாங்கப் படிவங்களையும் பொருட்களின் உறைகளையும் பாருங்கள். பலவற்றில் ஒரே செய்தி தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். தமிழை மறைத்து ஆங்கிலத்தை வாசித்துவிட்டுப் பின்னர் ஒப்பிட்டுப் பார்க்கலாம். செலவில்லாத வகுப்பு இது.

இலக்கணம்

இலக்கணம் என்றதும் பிள்ளைகள் நடுங்குகிறார்கள். ஆனால் தமிழ் இலக்கணம் படித்த பிள்ளைக்கு ஆங்கில இலக்கணத்தின் பெரும்பகுதி புதியதன்று. முக்காலம் எமக்குத் தெரியும். செய்வினை, செயப்பாட்டுவினை தமிழ்ப் பாடத்தில் உண்டு. வயலில், வயலுக்கு, வயலிலிருந்து என்று சொல்லுக்குப் பின்னால் நாம் ஒட்டும் வேற்றுமை உருபுகள் செய்யும் வேலையை, ஆங்கிலத்தில் 'இன்', 'ரு', 'ஃப்ரொம்' என்பன சொல்லுக்கு முன்னால் நின்று செய்கின்றன.

மூன்று இடங்களில் மட்டும் எம் பிள்ளைகள் விழிப்பாக இருக்க வேண்டும்.

முதலாவது, வினைச்சொல்லின் இடம். 'அப்பா வயலுக்குப் போகிறார்' என்பதில் வினை கடைசியில் நிற்கிறது. 'மை ஃபாதர் கோஸ் ரு த ஃபீல்ட்' என்பதில் எழுவாயை அடுத்தே வந்துவிடுகிறது. தமிழ் வசனத்தை மனதில் வைத்துச் சொல்லுக்குச் சொல் மாற்றும் பிள்ளை இங்கேதான் தவறுகிறது.

இரண்டாவது, அந்தக் 'கோஸ்' என்பதில் வரும் கடைசி எழுத்து. நான் போகிறேன், நீ போகிறாய், அவர் போகிறார், அவர்கள் போகிறார்கள் என்று தமிழில் ஆளுக்கொரு விகுதி. ஆங்கிலத்தில் நிகழ்காலத்தின் சாதாரண வடிவத்தில், அவன், அவள், அது என்ற ஒருமைப் படர்க்கைக்கு மட்டுமே 'எஸ்' சேர்கிறது. இத்தனை விகுதிகளைப் பிழையின்றிப் பேசும் பிள்ளைக்கு இந்த ஒன்றை நினைவில் வைப்பதா கடினம்?

மூன்றாவது, 'ஏ', 'ஆன்', 'த' ஆகிய சிறு சொற்கள். இவற்றுக்குச் சரிநேரான சொற்கள் தமிழில் இல்லாததால் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். இவற்றை விதியால் மட்டும் பிடிக்க முடியாது. நிறைய வாசித்துக் காதுக்குப் பழகினால்தான் வரும். வாசிப்பையும் இலக்கணத்தையும் பிரிக்க முடியாது என்பது இதனாலேயே.

நாளுக்குப் பதினைந்து நிமிடம் ஓர் இலக்கணப் பயிற்சி. அதன்பின் பத்து நிமிடம், அன்று வீட்டிலும் தோட்டத்திலும் நடந்ததைப் பற்றி ஐந்து வசனம் சொந்தமாக எழுத வேண்டும். மாடு கன்று போட்டது, கிணறு வற்றியது, மழை வந்தது என்று எழுதட்டும். பரீட்சை கேட்கும் சிறு குறிப்புக்கும் கடிதத்துக்கும் கட்டுரைக்கும் இந்த ஐந்து வசனங்களே வித்து.

கிழமைக்கு ஒருநாள் கடந்தகால வினாத்தாள் ஒன்றை மணிக்கூடு வைத்துச் செய்ய வேண்டும். முதலாம் வினாத்தாளுக்கு ஒரு மணித்தியாலம், இரண்டாம் வினாத்தாளுக்கு இரண்டு. கல்வி அமைச்சின் இ-தக்சலாவ இணையத்தளத்தில் இவற்றைப் பெறலாம். புத்தகக் கடைகளிலும் கிடைக்கும். திருத்துவதற்குத்தான் ஆசிரியர் தேவை.

ஊர் செய்ய வேண்டியது

இங்கேதான் பெற்றோர் தனியே நிற்க முடியாது. ஒவ்வொரு ஊரிலும் சனசமூக நிலையமோ வாசிகசாலையோ கோயில் மண்டபமோ இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியரோ எழுதுவினைஞரோ, பல்கலைக்கழகம் சென்ற பிள்ளையோ ஒருவராவது இருப்பார். கிழமைக்கு இரண்டு மாலை அவர் வந்து, பத்துப் பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டு, எழுதியதைத் திருத்திக் கொடுத்தால், நூறு பேர் நெருங்கும் மண்டபத்தில் கிடைக்காத ஒன்று கிடைக்கும். வெளிநாட்டு உறவுகளும் பழைய மாணவர்களும் பாடசாலைக்கு அனுப்பும் பணம் நுழைவாயில் வளைவுக்கும் மதிலுக்கும் போவதை நாம் காண்கிறோம். அதில் ஒரு பகுதி இதற்குப் போகட்டும்.

அத்தோடு கேட்க வேண்டியதைக் கேட்டே ஆக வேண்டும். ஆங்கில ஆசிரியர் இல்லையெனில், பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் அதைத் தீர்மானமாக எழுதுவித்து, வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மீண்டும் அனுப்புங்கள். கணிதத்துக்குக் கேட்கிற குரலிலேயே ஆங்கிலத்துக்கும் கேளுங்கள். ஊரில் நாம் செய்யும் உதவி, அரசாங்கம் செய்யவேண்டிய கடமைக்கு மாற்றாகிவிடக் கூடாது.

இன்னுமொன்று. முன்பு டிசம்பரில் நடந்த சாதாரண தரப் பரீட்சை, அண்மைய வருடங்களில் மாதம் மாறி வருகிறது. 2024ஆம் ஆண்டுக்குரியது 2025 மார்ச்சில் நடந்தது. அது காலபோக அறுவடையை ஒட்டிய காலம். கைக்கு ஆள் தேவை என்பது உண்மைதான். ஆனாலும் அந்தச் சில கிழமைகளுக்குப் பிள்ளையை வயலுக்கு இறக்காதீர்கள்.

கொழும்புக்கு ஏற்கனவே வந்துவிட்ட குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. கொழும்புப் பொது நூலகமும் இருக்கிறது. வகுப்புக்கு வகுப்பு ஓடும் பிள்ளை வாசிப்பதற்கு நேரமின்றி இருக்கிறது. ஒரு வகுப்பைக் குறைத்து, அந்த நேரத்தை நூலக மேசையில் செலவிடச் செய்யுங்கள்.

காணி திரும்பக் கிடைக்குமா, எப்போது கிடைக்கும் என்பது பலருக்கு இன்னும் எம் கையில் இல்லாத காரியம். பிள்ளையின் முக்கால் மணித்தியாலம் எம் கையில் இருக்கிறது. காப்பை அடகு வைப்பதற்கு முன்னர், புத்தகப் பையில் கசங்கிக் கிடக்கும் அந்த ஆங்கிலப் பாடநூலை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். எத்தனை பக்கம் இன்னும் திறக்கப்படவில்லை என்று பாருங்கள். இன்று இரவு முதலாவது பக்கத்தை வாசிக்கட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்து கேளுங்கள்.