கேட்டவருக்குப் பதில் வேண்டாமா?

"ஏம்மா, வயித்துப் புண்ணுக்கா தலைமுடி கொட்டும்?"

இரவு இரண்டு மணிக்கு டிரிப்ஸ் பாட்டிலை மாற்றப் போனபோது அந்தப் பெரியவர் கேட்டார். சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர். இரைப்பையில் புற்று. "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சிஸ்டர், தாங்க மாட்டாரு" என்று மகன்கள் இருவரும் கைகூப்பிக் கேட்டிருந்தார்கள். "காலையில டாக்டர் வருவாருய்யா, கேளுங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

புற்றுநோய் வார்டில் 26 ஆண்டுகள் நர்ஸாக இருந்தேன். மறைக்கச் சொல்லும் வீட்டாரில் பலர் சாஸ்திரத்தைத் துணைக்கு அழைப்பார்கள். உண்மையே ஆனாலும் மனம் நோகச் சொல்லக்கூடாது என்று மனுவே சொல்லியிருக்கிறார் என்பார்கள். சொல்லியிருக்கிறார்தான். ஆனால் நான்காம் அத்தியாயத்தின் அதே சுலோகம், இனிக்கிறது என்பதற்காகப் பொய் சொல்லவும் கூடாது என்கிறது. அந்தப் பாதியை ஒருவர்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை.

இன்னும் படித்தவர்கள் கௌசிகன் கதையைச் சொல்வார்கள். கர்ண பர்வத்தில் கிருஷ்ணன் அர்ச்சுனனுக்குச் சொல்வது. உண்மை மட்டுமே பேசுவேன் என்று விரதம் பூண்ட கௌசிகன், கள்வருக்குப் பயந்து காட்டுக்குள் ஒளிந்தவர்களின் வழியைக் கள்வரிடமே காட்டிக்கொடுத்தான். அவர்கள் கொல்லப்பட்டார்கள், அவன் நரகம் போனான். கௌசிகன் பொய் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பது ஒளிந்தவர்களின் உயிர். நாம் வார்டில் சொல்லும் பொய் யாரைக் காப்பாற்றுகிறது? அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசவேண்டிய அந்தப் பத்து நிமிடத்திலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றுகிறது. அன்றிரவு என்னையும் அப்படித்தான் காப்பாற்றியது.

அந்தப் பெரியவருக்கு ஒரு தங்கை. வரப்புத் தகராறில் 11 ஆண்டுகளாகப் பேச்சு இல்லை. "குணமாகி வீட்டுக்குப் போனதும் ஒரு எட்டு அவளைப் போய்ப் பாத்துட்டு வரணும்மா" என்று என்னிடம் இரண்டு மூன்று தரம் சொன்னார். குணமாகும் என்று நம்பியதால் தள்ளிப்போட்டார். தங்கை வந்தபோது அவரை நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள்.

பட்டென்று போட்டு உடைக்கச் சொல்லவில்லை. அப்படி உடைத்ததையும் பார்த்திருக்கிறேன். ரவுண்ட்ஸ் வந்த மருத்துவர் ஒருவர் கட்டில் காலடியில் நின்றபடியே "மூணு மாசம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அது கொடுமை. பிறருக்கு நோகாமல், உண்மையாக, இனிமையாக, நன்மை தருவதாகப் பேசுவதை வாக்கின் தவம் என்கிறது கீதையின் 17ஆம் அத்தியாயம். நான்கும் சேர்ந்தே இருக்கவேண்டும். அதை ஏன் தவம் என்று சொன்னார்கள் என்பது பின்னாளில் ஒரு மூத்த டாக்டரைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார். "உங்க உடம்புக்கு என்னன்னு நினைக்கிறீங்க? எவ்வளவு தெரிஞ்சுக்கணும்?" என்று முதலில் கேட்பார். "எனக்கு வேணாம், மகன்கிட்ட சொல்லிடுங்க" என்றால் அத்தோடு நிறுத்திக்கொள்வார். கேட்டவருக்கு, கேட்ட அளவுக்கு, கையைப் பிடித்துக்கொண்டு சொல்வார். அழுதவர்கள் உண்டு. மறுநாளே கடன் கணக்கைச் சொல்லி எழுதவைத்தவர்களும், பேத்தியை வரவழைத்தவர்களும் உண்டு.

உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் படுத்திருந்தால், அவர் கேட்கும் கேள்விக்கு முகத்தைத் திருப்பாதீர்கள். யாரைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று இன்றைக்கே கேளுங்கள்.