நீல பல்பும் எடை குறைந்த சரக்கே

விடியுமுன் மேலநீலிதநல்லூரிலிருந்து சங்கரன்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் போய்ச் சரக்கெடுத்து வருபவர்கள் நாம். நம்மவர் சிலரது கார்களிலும் லோடு வண்டிகளிலும் இப்போது ஹெட்லைட்டில் நீல பல்பு ஏறியிருக்கிறது. பார்க்கப் பகட்டுதான், வியாபாரக் கணக்கில் நஷ்டம்.

கார்களில் பரவலாக உள்ள ஹாலஜன் பல்பு டிம்மில் 55 வாட், பிரைட்டில் 60 வாட். நீலப் பூச்சு பூசியதும் அதே மின்சாரத்தைத்தான் இழுக்கிறது. ஆனால் மஞ்சள், சிவப்பு ஒளியைப் பூச்சு தடுத்துவிடுவதால் சாலையில் விழும் வெளிச்சம் குறைகிறது. கூடுதல் விலை கொடுத்து எடை குறைந்த மூட்டையை வாங்குவோமா?

அதிக வாட் பல்பு போட்டு ஈடுகட்டினால் வயரிங் சூடேறும். எதிரே வருபவர் கண் கூசும். அவ்வாறு கூசச் செய்யக் கூடாதென்பது 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 106-ஆவது விதி.

பிரான்சில் 1993 வரை மஞ்சள் விளக்கே சட்டமாக இருந்ததே என்பார்கள். அது நாடு முழுமைக்கும் ஒரே நிறம், ஆளுக்கொரு நிறமல்ல.

இருட்டில் சைக்கிளில் பால் கொண்டு வருபவரும் ஆடு ஓட்டி வருபவரும் நம் கடை வாடிக்கையாளர்களே. அவர்களைச் சரியாகக் காட்டாத விளக்கு நமக்கு எதற்கு? பழைய பல்பையே திரும்ப மாட்டுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.