மொட்டைக் கடுதாசி எழுதும் பிள்ளைகளுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் நம் உறவில் ஒரு பையனின் போனைப் பார்க்க நேர்ந்தது. யார் என்று கேட்காதீர்கள். சிங்கப் படம் போட்ட ஒரு ஐடி, சொந்தப் பெயர் இல்லை. கேட்ச் விட்ட ஒரு ஆட்டக்காரரின் தாயாரைப் பற்றி அதில் எழுதியிருந்ததை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. "மக்கா, இது நீ எழுதினதா?" என்றேன். "அது நான் இல்ல தாத்தா, அந்த ஐடி" என்றான்.

நல்ல பையன்தான். பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பான். அதனால்தான் எனக்குப் பயம்.

2020 அக்டோபர் 7 அன்று அபுதாபியில் சென்னை அணி கொல்கத்தாவிடம் 10 ரன்னில் தோற்றது. அதற்காக தோனியின் 5 வயது மகளைப் பாலியல் வன்கொடுமை செய்வதாக இன்ஸ்டாகிராமில் மிரட்டல் வந்தது. போலீஸ் பிடித்தது யாரை? குஜராத் முந்த்ராவில் 16 வயதுப் பையன் ஒருவனை. அடுத்த வருடம் அக்டோபர் 24, துபாயில் பாகிஸ்தானிடம் 10 விக்கெட்டில் தோல்வி. தோற்றது 11 பேர். முகமது ஷமியை மட்டும் மதத்தைச் சொல்லி ஏசினார்கள். கோலி அவருக்காகப் பேசினார். உடனே கோலியின் ஒரு வயதுகூட ஆகாத மகளுக்கு மிரட்டல்.

நம் பக்கம் ஏச்சு கிடையாதா? தூத்தூர்ப் பக்கம் கால்பந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கோல் கீப்பர் பந்தை விட்டால் அவன் ஏழு தலைமுறையும் சந்திக்கு வரும். ஆனால் ஏசியவன் யார் என்று அவனுக்குத் தெரியும். திருப்பி ஏசுவான். மறுநாள் இருவரும் ஒரே சாயாக்கடை பெஞ்சில் இருப்பார்கள். முகம் உள்ள ஏச்சு அங்கே முடிந்துவிடும். முகம் இல்லாத ஏச்சுக்கு முடிவு கிடையாது. எழுதியவன் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவனா, சிரித்துக்கொண்டு செல்ஃபி எடுக்க வந்தவனா? வாங்கிக் கட்டிக்கொண்டவனுக்கு எதிரே வருகிற எல்லோரும் அவனாகவே தெரிவார்கள்.

"பெயரை மறைப்பதே தப்பா சார்?" என்று கேட்பீர்கள். இல்லை. பள்ளியில் எனக்கும் மொட்டைக் கடுதாசி வந்திருக்கிறது. தன்னை அடிக்கிறவரைப் பற்றி ஒரு பிள்ளை பெயர் போடாமல் எழுதியிருந்தது. அந்தக் கடுதாசியை மதித்தேன். வலுத்தவனுக்குப் பயந்து பெயரை மறைப்பது வேறு. பெற்ற தாய் பார்த்துவிடுவாளே என்று மறைப்பது வேறு.

முகமூடியைக் கழற்றினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லமாட்டேன். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த வந்தனா கட்டாரியாவின் வீட்டு முன்னால், அரையிறுதியில் தோற்றதும், சாதியைச் சொல்லி ஏசி ஆட்டம் போட்டார்கள். அவர்களுக்கு முகமூடி இல்லை. விஷம் ஐடியில் ஊறுவதில்லை, வீட்டில்தான் ஊறுகிறது. ஆனால் அங்கே முகம் தெரிந்ததால் போலீசில் புகார் கொடுக்க முடிந்தது. முகம் தெரியாத ஆயிரம் பேர்மேல் எந்தக் குடும்பம் புகார் கொடுக்கும்?

ஆகவே மக்களே, ஒரே ஒரு வீட்டுப்பாடம். போலி ஐடி வைத்திருப்பவர்கள் அதில் எழுதியதை இன்று ராத்திரி உங்கள் அம்மா முன்னால் சத்தமாக வாசியுங்கள். வாசிக்க முடியாததை அழித்துவிடுங்கள். பெற்றோரே, பிள்ளையின் மார்க்கை மட்டும் கேட்காதீர்கள். அவன் எந்தப் பெயரில் யாரை ஏசுகிறான் என்றும் கேளுங்கள்.

அந்தப் பையன் நேற்று வந்தான். அழித்துவிட்டேன் என்றான். நம்பினேன்.

என் பெயரும் படமும் மேலே இருக்கிறது. இதற்காக என்னை ஏச வேண்டுமானால் உங்கள் பெயரைப் போட்டு ஏசுங்கள். நாகர்கோவில் வரும்போது வீட்டுக்கு வாருங்கள், சாயா குடித்துக்கொண்டே மீதியைப் பேசலாம்.